புறத்தேர்வாளரின் சிவப்பு முத்திரை

1976 மார்ச் பதினெட்டு, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு இந்தியாவும் ஜப்பானும் கும்மிடிப்பூண்டியில் சந்திக்கவிருக்கின்றன என்று டாக்டர் துளசிராமன் நான்கு பத்திரிகைகளுக்கு எழுதிப் போட்டார். இரண்டு நாகரிகங்கள் கைகுலுக்கும் பொன்னாள் என்றும், புகைப்படக்காரர் வந்தால் மதிய உணவு உண்டு என்றும் அதில் கண்டிருந்தது. ஒரு பத்திரிகையும் ஆள் அனுப்பவில்லை. நாகரிகங்கள் புகைப்படம் இல்லாமலேயே சந்திக்கவேண்டியதாயிற்று.

பல்கலைக்கழகத்தில் ஜப்பான் மொழித் துறை என்று ஒன்று இருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, ஓர் அலமாரி, தலைவர் துளசிராமன். 1958இல் எட்டு மாதம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு ஒரு ஜப்பான்காரரிடமும் பேசி மொழியை அசுத்தப்படுத்திக்கொள்ளவில்லை. முதுகலை வகுப்பில் அவர் நடத்தியதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அரண்மனைப் பாட்டு. நிலா, பனி, பெருமூச்சு. மாணவர்கள் இரண்டு பேர். பாங்க் வேலை கிடைத்ததும் ஒருவர் பெருமூச்சை முதல் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டார். மிச்சம் சாராள்.

சாராளுக்கு ஆரம்பாக்கம். தினமும் பாசஞ்சர் ரயிலில் சென்னைக்கு வந்து படித்தாள். அப்பா சாலமோன் நடவு வேலையை விட்டுத் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா சின்னப்பொண்ணு, பழவேற்காட்டு இறாலை உறைய வைத்து ஜப்பானுக்கு ஏற்றும் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றில் தோலுரிக்கிறார். அந்தக் கம்பெனியில்தான் மொழிபெயர்ப்பாளர் வேலை காலியாக இருந்தது. முதுகலைச் சான்றிதழோடு திங்கட்கிழமைக்குள் வரவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சாராள் எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட்டாள். பாக்கி வாய்மொழித் தேர்வு. அதற்குப் புறத்தேர்வாளர் ஜப்பான்காரராகவே இருக்கவேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் துளசிராமன். ஆளை எங்கே பிடிப்பது என்று மட்டும் அவர் எழுதவில்லை.

“எங்கம்மா கம்பெனில ஒருத்தர் இருக்காரு சார். ஒகாதான்னு பேரு,” என்றாள் சாராள்.

“எந்தப் பல்கலைக்கழகம்?”

“இறால் தரம் பாக்கறவரு சார்.”

துளசிராமன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டாக்ஸி வைத்தார்.

கம்பெனி அறையில் ஒகாதா ரப்பர் பூட்ஸோடு வந்து உட்கார்ந்தார். துளசிராமன் எழுந்து, பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு, பதினொரு நிமிஷம் வரவேற்புரை நிகழ்த்தினார். ஒகாதா தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும் சாராளிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

“என்ன சொல்கிறார்? என் உச்சரிப்பைப் பற்றியா?”

“நீங்க பேசினது எந்த நாட்டு பாஷைன்னு கேக்கறாரு சார்.”

“பாவம், கிராமத்துக்காரர்,” என்றார் துளசிராமன்.

அப்புறம் ஒகாதா தன் தேர்வை ஆரம்பித்தார். ஒரு பெட்டி இறாலைச் சாராள் முன் கவிழ்த்தார். இதில் என்ன கோளாறு? ஐஸ் தாமதமாகப் போட்டிருக்கிறார்கள், தலை கறுத்துவிட்டது என்றாள். சரி, இந்த முப்பது பெட்டியும் வேண்டாம் என்று சரக்கு அனுப்பிய முதலாளியிடம் சொல்லவேண்டும், அவர் முகம் வாடக்கூடாது, நாளைக்கும் சரக்கு அனுப்பவேண்டும், எப்படிச் சொல்வாய்? சாராள் ஜப்பான் மொழியிலேயே சொன்னாள். சுற்றி வளைத்து, மழையைப் பற்றிப் பேசி, லாரிக்காரரைப் புகழ்ந்து, ‘வேண்டாம்’ என்ற சொல்லே வராமல் முப்பது பெட்டியையும் திருப்பி அனுப்பினாள். சனிக்கிழமைதோறும் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன சாக்கில் ரெண்டு வருஷம் இந்த மனுஷரோடு வாயாடியது வீண் போகவில்லை. ஒகாதா ஒரு தரம் சிரித்தார், ஒரு தரம் பாதியில் மறுத்துப் பேசினார், கடைசியில் மார்க் கட்டத்தில் எண்பத்தொன்று எழுதினார்.

நிலாவைப் பற்றி ஒரு கேள்வியும் வராததில் துளசிராமனுக்கு வருத்தம்.

கையெழுத்து போடச் சொன்னபோது ஒகாதா கையை விரித்தார். அவர் ஊரில் இதற்கெல்லாம் கையெழுத்து செல்லாது, முத்திரைதான். சொந்த முத்திரை ஜப்பானில் மனைவியிடம் இருக்கிறது. சற்று யோசித்துவிட்டு, மேஜைமேல் கிடந்த ரப்பர் சீல் ஒன்றை எடுத்துச் சிவப்பு மையில் ஒற்றிக் குத்தினார். இறால் பெட்டிமேல் குத்துகிற சீல்.

மறுநாள் தேர்வுப் பிரிவில் குமாஸ்தா முனிகிருஷ்ணன் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? கையெழுத்து எங்க?”

“அவங்க ஊர்ல சீலுதான் சார்.”

“இதுல இன்னா போட்டுக்குதுன்னு உங்க ஹெட்டு எழுதித் தரட்டும். இல்லாங்காட்டி மறுதேர்வு. ஜூன்ல.”

ஜூனில் வேலை இருக்காது. கூடவே வந்திருந்த துளசிராமன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அரைப் பக்கம் எழுதினார். தொன்மையான பிரபுக் குலத்தின் சின்னம் இது; பைன் மரக் கிளையில் தங்கிய நிலவைக் குறிக்கும்; இத்தகைய முத்திரை தென்னிந்தியாவில் பதிவது இதுவே முதன்முறை.

முனிகிருஷ்ணன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “பேஜாராப் போச்சே. நெலாவ வச்சிக்கினு நான் மார்க்கு ஏத்த முடியாது சார்.”

சாராள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“சார் மன்னிச்சுக்கணும். அது பெட்டிக்குப் போடற சீலு. ‘சோதிச்சாச்சு, அனுப்பலாம்’னு எழுதிக்குது.”

“சாராள்!” என்றார் துளசிராமன்.

முனிகிருஷ்ணன் படிவத்தை மறுபடி பார்த்தார். கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே அச்சடித்திருந்ததை விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார்: “தேர்வர் சோதிக்கப்பட்டாரா? மேலே அனுப்பலாமா?” பேனாவைக் கீழே வைத்தார். “அடடே! ரெண்டு கேள்விக்கும் ஒரே குத்துல பதில் சொல்லிட்டாரேம்மா! இருவது வருசமா இந்த ஃபாரத்த ஒழுங்கா ரொப்பினவரு இந்த ஒருத்தருதான்.”

“நான் எழுதியது அதன் உட்பொருள்,” என்றார் துளசிராமன்.

“அத நீங்களே வச்சிக்கோங்க சார், ஃபைல்ல எடமில்ல.”

சாயங்காலத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை சாராள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“வந்துட்டியா? உன்னத்தான் எடுக்கணும்னு ஒகாதா அன்னிக்கே சொல்லிட்டாரும்மா. போ போ, லாரி நிக்குது.”

சான்றிதழை யாரும் கேட்கவில்லை.