கண்ணுக்குக் கீழே தைலம்

கண்ணுக்குக் கீழே சுட்டுவிரல் ஒன்று வந்து இழுக்கிறது, இடதில் ஒரு இழுப்பு, வலதில் ஒரு இழுப்பு, மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் அப்பாவின் முகம் கோணிக்கொண்டு தெரிகிறது, மேடைக்குப் பின்னால் சாக்குத் திரை, அதற்கும் பின்னால் ஜெனரேட்டர் புகை, எனக்குப் பத்து வயது, கையில் அவருடைய மினுமினுப்புக் கோட்டு, எத்தனையோ கோவில் கொடைத் திருவிழாக்களின் வியர்வை அதில் ஊறிக் கிடக்கிறது, என்னப்பா பூசுறீங்க என்று கேட்கிறேன், தைலம் பாப்பா, அடுத்தது சோகப் பாட்டுல்லா, கண்ணீர் வரணும்லா என்கிறார், தகர டப்பாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார், தலை சீவி முடித்ததுபோல அவ்வளவு சாதாரணமாக, பிறகு மேடையேறி இரண்டாவது சரணத்தில் அழுதார், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், மெல்லிசைக் குழுவை நடத்திய ஜெபராஜ் மாமா கீபோர்டுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா செத்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அவளைத் தூக்கியபோது இந்த ஆள் ஒரு சொட்டு விடவில்லை, பந்தல்காரரிடம் கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார், இங்கே எவளோ ஒரு பாட்டுக் காதலிக்காகக் கன்னமெல்லாம் வழிகிறது, சீ என்று இருந்தது, அன்றிலிருந்து அவர் தொட்ட தம்ளரில்கூட நான் தண்ணீர் குடிக்கவில்லை.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள், ராக் பாடகிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் மேடையில் இந்த ஆவேசம் எங்கிருந்து வருகிறது, காதலா, கோபமா, நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிறேன், அருவருப்பு என்று சொன்னால் யார் அச்சிடுவார்கள், ஒவ்வொரு முறை மைக்கைப் பிடிக்கும்போதும் அந்தத் தகர டப்பா மூடும் சத்தம் கேட்கிறது, கேட்டதும் அடிவயிற்றிலிருந்து கத்துகிறேன், அம்மாவுக்காக நான் எழுதிய பாட்டில் கதவு என்ற சொல் வரும்போது குரல் கிழிந்து முட்டி போட்டு அழுகிறேன், அந்த அழுகையில் கலப்படம் கிடையாது, அது வராத அன்றைக்குப் பாடுவதையே விட்டுவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

இன்று கோயம்புத்தூர், கல்லூரி மைதானம், வெயில் இன்னும் இறங்கவில்லை, மைக் சரிபார்க்க ஏறியவள் மேடைத் தரையில் சிவப்பு டேப் பெருக்கல் குறிபோல இரண்டு இடத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன், லைட் போடும் ரூபனின் காகிதம் பக்கத்தில் கிடந்தது, அஞ்சாவது பாட்டு, கதவு, அழுகை, நீலம், மத்ததெல்லாம் ஆஃப் என்று எழுதியிருந்தது, என்ன ரூபன் இது, அக்கா நீங்க அங்கதானே அழுவீங்க, ஆறு வருசத்துல ஒரு தடவகூட மாறுனதில்லக்கா, முட்டி எங்க வரும்னுகூட தெரியும், அதான் டேப் ஒட்டிட்டேன், சூப்பரா இருக்கும் பாருங்க. பாவம், அவன் வேலையை அவன் பார்த்திருக்கிறான். என் அம்மாவின் சாவு அந்தக் காகிதத்தில் ஐந்தாவது வரியில் இருந்தது, என் வாயையே கழற்றிக் கழுவ வேண்டும்போல் இருந்தது, இனிமேல் அந்த இடத்தில் எனக்கு அழுகை வராது, எனக்குத் தெரிந்துவிட்டது.

வேனுக்குள் வந்து உட்கார்ந்தேன், அப்பா போய் மூன்று வாரம், நானும் அழவில்லை, ஐஸ் பெட்டிக்காரரிடம் வயரை எங்கே செருகுவது என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அத்தை என் பைக்குள் திணித்து அனுப்பிய அவருடைய சாமான்களை இன்னும் எடுத்துப் போடவில்லை, கண்ணாடி, சீப்பு, அந்த டப்பா, சரி, கழுதை, அவர் மகள்தானே, பூசிக்கொண்டே அழுது தொலைப்போம் என்று திறந்து இரண்டு கண்ணுக்குக் கீழும் அழுத்தித் தேய்த்தேன். எரியவில்லை. இன்னும் தேய்த்தேன். சிக்கு வாடை மட்டும் அடித்தது, நாள்பட்ட தேங்காய் எண்ணெய், ஜெபராஜ் மாமாவுக்குப் போன் போட்டேன், மாமா, அப்பா பூசுற தைலம் என்ன தைலம், எவனுக்குத் தெரியும் தாயி, ஒருநா நானும் பூசிப் பாக்கேன் குடுலேன்னு கேட்டேன், டப்பாவ இறுக்கிப் பிடிச்சிக்கிட்டான், தரவே மாட்டேன்னுட்டான், கிட்ட நின்னாலும் தைல வாடையே வராது, உங்கம்மா போனதுக்குப் பொறவுதான் அந்தப் பழக்கமே, எதுக்குக் கேக்க. ஒன்றுமில்லை மாமா என்று வைத்துவிட்டேன். பந்தலில் அழத் தெரியாத மனிதர் மேடையில் அழுதிருக்கிறார், கேட்டால் சொல்ல ஒரு டப்பாவைப் பையில் வைத்திருந்திருக்கிறார், அதைக் கேட்டவள் நான், அவரை வெறுத்து வெறுத்தே கைதட்டு வாங்கியவளும் நான்.

வேன் கண்ணாடியில் என் முகம் கோணிக்கொண்டு தெரிகிறது, சுட்டுவிரலால் இடதில் ஒரு இழுப்பு, வலதில் ஒரு இழுப்பு, வாடை குமட்டுகிறது, துடைக்கவில்லை, படியருகே ரூபன், அக்கா கண்ணுக்குக் கீழ என்னமோ பளபளன்னு இருக்கே, தைலம் ரூபன், கண்ணீர் வரணும்ல என்கிறேன், அட என்று சிரிக்கிறான், அப்படியே நம்பிவிட்டான், கித்தார்கூட இன்னும் ஒலிக்கவில்லை, ஐந்தாவது பாட்டுக்கு வெகுநேரம் இருக்கிறது, அதற்குள் வழிய ஆரம்பித்துவிட்டது.