புழுக்கள் வெளிநடப்பு செய்த ஞாயிறு

மூன்றாவது மாடித் தையல்காரிக்கு வாரம் ஏழு நாளும் வேலை. அவள் வீட்டுக்காரருக்கு வாரம் ஏழு நாளும் பேச்சு. கம்பெனி கம்பெனியாகப் போய், வேலை பார்க்கிறவர்களுக்கு எப்படி வேலை பார்ப்பது என்று வகுப்பெடுப்பதுதான் அவர் பிழைப்பு.

ஒருநாள் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு டப்பா நிறையச் சிவப்புப் புழுக்களுமாக வந்து நின்றார். பால்கனியில், அவள் தையல் மெஷினை ஒட்டி, தொட்டிக்கு இடம் பிடித்தார்.

"இனிமே நம்ம வீட்டுக் காய்கறிக் குப்பை வெளிய போகாது. எல்லாம் உரம்!"

"யாரு பாத்துக்கறது?"

"புழுவே பாத்துக்கும். நாம நம்பிக்கை வெச்சா போதும்."

தொட்டியோடு வந்த தாளை அவள்தான் படித்தாள். நனைத்துப் பிழிந்த காகிதத்தை அடியில் பரப்ப வேண்டும். ஆரம்பத்தில் தீனி ஒரு கைப்பிடிதான். புளிப்புப் பழத்தோல், வெங்காயம், எண்ணெய்ப் பண்டம் ஆகவே ஆகாது. அவர் எதையும் படிக்காமலே கரைத்துக் குடித்தவர். காகிதம் பரப்பியது அவள். தீனி போட்டது அவர். நாலே நாளில் ஆரஞ்சுத் தோலும் வெங்காயச் சருகும் எண்ணெய் வழியும் ரொட்டியுமாகத் தொட்டியைக் கழுத்துவரை அடைத்துவிட்டார்.

"அதுங்க தாங்காதுங்க."

"எடுத்த எடுப்பிலேயே பெரிய பொறுப்பா குடுத்தாத்தான் திறமை வெளிய வரும்."

திறமை ஞாயிறு காலை வெளியே வந்தது. அன்றைக்குத்தான் தொட்டியைக் காட்ட, குடியிருப்போர் சங்கத்திலிருந்து பத்துப் பேரை வீட்டுக்கு வரவழைத்திருந்தார். முன்வரிசையில் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பூமியைக் காப்பது பற்றி முக்கால் மணி நேரம் பொழிந்துவிட்டு, மூடியைத் திறந்தார்.

நாற்றம் குப்பென்று அடித்தது. மூடியின் உள்பக்கம் முழுக்கப் புழு. சுவரில் புழு. மெஷின் மேல் தைத்து வைத்திருந்த வெள்ளை ரவிக்கையின் கைமேல், நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது ஒன்று.

"அது என்னோட ரவிக்கைதானே?" என்றார் செயலாளர்.

தையல்காரிக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்காரருக்குப் பேச்சு போகவில்லை. "இதுவும் நமக்கு ஒரு பாடம்தான் மேடம்..."

"சார், நான் முப்பது வருஷம் பாடம் எடுத்தவ. மொதல்ல புழுவ எடுங்க."

எடுத்தது அவள்தான், ஒவ்வொன்றாக, கரண்டியால். ரவிக்கையைத் துவைத்து, தேய்த்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டாள். தொட்டியைத் தூக்கி எறிந்துவிடத்தான் திரும்பி வந்தாள். ஆனால் மூலையில் சுருண்டு கிடந்தவற்றைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பாவம், அவை என்ன செய்யும்? வகுப்பில் மாட்டிக்கொண்ட ஜீவன்கள். அழுகியதை அள்ளிக் கொட்டி, காய்ந்த காகிதம் போட்டு, மறுவாரத்திலிருந்து அளந்து அளந்து தீனி வைத்தாள். அவரைத் தொட்டிப் பக்கமே அண்டவிடவில்லை.

மூன்று மாதத்தில், காப்பித்தூள் மாதிரி கறுப்பாக உரம் இறங்கியது. மழை நனைத்த மண்ணின் வாசனை. சேதி எப்படியோ பரவி, செயலாளரே ஒரு டப்பாவோடு படியேறி வந்தார்.

"எனக்கும் கொஞ்சம் புழு குடும்மா. எப்படிப் பண்ணினே?"

அவள் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "மூணே தத்துவம்தான் மேடம். ஒண்ணாவது..."

அவள் ஒரு கட்டுப் பழைய பேப்பரை அவர் கையில் வைத்தாள். "மேடம் தொட்டிக்கு வேணும். விரல் அகலத்துக்குக் கிழிங்க."

அவர் உட்கார்ந்து கிழிக்க ஆரம்பித்தார். நன்றாகவே கிழித்தார்.