லேஸ் கட்டுகிற நேரம்

...முதல் சர்வ் வலையில் போய் விழுந்தது, அதுவும் எப்படி, மேல் நாடாவைக்கூடத் தொடாமல் செத்த எலி மாதிரி பொத்தென்று, சரி, இன்னொன்று இருக்கிறது, இரண்டாவது சர்வ், இதையும் விட்டால் மறுபடி டியூஸ், சமநிலை, ஏற்கெனவே இரண்டு முறை ஜெயிக்கிற மேட்ச் பாயிண்ட் கைக்கு வந்து இரண்டையும் நானே டபுள் ஃபால்ட் போட்டுத் தூக்கிக் கொடுத்தாயிற்று, இந்தத் தகுதி ஆட்டத்தில் தோற்றால் பிரதானச் சுற்றும் இல்லை, கிளப்பில் இடமும் இல்லை, திங்கட்கிழமை கட்டிட வேலைச் சாரத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான், பந்தைத் தட்டுகிறேன், தட்டுகிறேன், எதிரே அவள் ஏன் கையைத் தூக்குகிறாள்? "ஒரு நிமிஷம், லேஸ் அவுந்துடுச்சு" என்று குனிந்து கட்டுகிறாள், நிதானமாக, போட்டோவுக்கு நிற்பவள் மாதிரி... நிஜமாகவே அவிழ்ந்ததா, இல்லை என்னைக் காயப்போடுகிறாளா?

நின்றால் கெட்டது. கான்கிரீட் போடும் நாளில் ஏணியில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவோம், கீழே வாங்கி மேலே கொடு, கீழே வாங்கி மேலே கொடு, ஓடிக்கொண்டிருக்கிறவரை சட்டியின் கனமே தெரியாது, மேலே நிற்பவள் முந்தானையைச் சரிசெய்யக் கையை எடுத்தால்தான் தோள் பிய்ந்துபோகும், "மகாராணி தூங்கிட்டீங்களா, வாங்குடி" என்று அக்கா கத்துவாள். இப்போது சட்டி என் கையில் நிற்கிறது. மனப் பயிற்சியாளர் ஏரியை நினைக்கச் சொல்லியிருக்கிறார், காற்றில்லாத ஏரி, அசையாத தண்ணீர், இதை அக்காவிடம் சொன்னபோது சிமெண்டில் வெடித்த விரலால் காதைக் குடைந்துகொண்டே "ஏரிக்கென்ன, சும்மா கெடக்குது, அதை யாராச்சும் சர்வ் போடச் சொன்னாங்களா" என்றாள்... சிரிப்பு வருகிறது, இந்த நேரத்தில் சிரிப்பா? மூன்றாவது வரிசையில் அவள்தான், மடக்க முடியாத முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு, அந்தக் காலோடு எனக்கும் சேர்த்து ஏணி ஏறியவள், அங்கே பார்க்காதே, பந்தைப் பார். பார்த்தால்... தட்டிய பந்து சரியாக விரலுக்கே வருகிறதே. எப்போதிலிருந்து? ஒன்றே ஒன்றுதான், விட்டால் போச்சு, சட்டியும் அப்படித்தான், தவறினால் கீழே நிற்பவள் தலையில், இது போனால் அடுத்தது என்று அங்கே எவளும் நினைத்ததில்லை. இடது மூலை, சுழற்றி, தெரிந்துவிட்டது, போட்டுவிடுவேன், எழுந்திருடி சீக்கிரம்.

எழுந்துவிட்டாள். அப்போது பார்த்து நடுவர் நாற்காலியிலிருந்து ஒலிபெருக்கியில் "எதிராளியால தாமதமாயிடுச்சு, முதல் சர்வே திரும்பப் போடுங்க" என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது, எனக்கு அடித்த அதிர்ஷ்டமாம், அக்காகூடத் தட்டுகிறாள், பந்தைத் தட்டுகிறேன், இரண்டு இருக்கிறது, ஒன்று போனாலும் ஒன்று, தட்டுகிறேன், பந்து விரலுக்கு அகப்படாமல் பக்கவாட்டில் துள்ளி ஓடுகிறது, போய் எடுத்து வருகிறேன், மறுபடி தட்டுகிறேன், மறுபடி ஓடுகிறது... வேண்டாங்க, எனக்கு ஒண்ணே போதும் என்று நடுவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? பைத்தியம் என்பார்கள். அக்காவுக்குப் புரியுமோ என்னவோ. பந்தை மேலே எறிகிறேன்.