இரண்டாம் ஷிப்ட் வாரம்

டில்லிபாபு இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்று வேறொரு கம்பெனி அவனைக் கூப்பிட்டிருந்தது. காலையில் அவனே வந்து இதைச் சொன்னபோது, டீம் லீட் கிருஷ்ணப்பிரியா டீ கப்பைக் கீழே வைத்துவிட்டாள். மருந்துக் கடைகளுக்கான அவர்களுடைய பில்லிங் மென்பொருளில், ஸ்டாக் கணக்கு முழுவதும் அவன் தலைக்குள்தான் இருந்தது.

"சம்பளம் பத்தலையா?"

"அதெல்லாம் இல்ல பிரியா. செவ்வா, புதன், வியாழன் ஆபீஸுன்னு வச்சீங்கல்ல, அத்தோட மல்லுக்கட்ட முடியல. வரலட்சுமிக்குக் காலை ஷிப்ட்டுன்னா பாப்பாவப் பாக்க ஆளில்ல. லீவெல்லாம் அதுலயே கரைஞ்சிடுச்சு."

அவன் மனைவி வரலட்சுமிக்கு, இவர்கள் அலுவலகம் இருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே ஒரு பம்பு தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் இரண்டாம் ஷிப்ட். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் கவலையில்லை. மதியம் அவள் கிளம்புவதற்குள் அவள் தங்கை கன்னியம்மா கல்லூரி முடிந்து பாரிவாக்கம் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலை ஷிப்ட் வாரத்தில் வரலட்சுமி இருட்டோடு கிளம்பிவிடுவாள். டில்லிதான் வீட்டில் இருக்க வேண்டும்.

மாதத்தில் பாதி நாளாவது அலுவலகம் வர வேண்டும், அவ்வளவுதான் கம்பெனி விதி. மூன்று கிழமைகளைக் குறித்தது கிருஷ்ணப்பிரியா. எல்லோரும் ஒரே நாளில் வந்தால் பேசிக்கொள்வார்கள் என்பது அவள் எண்ணம்.

தன் அறைக் கண்ணாடி வழியே பார்த்தாள். டில்லி இருக்கைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவனுக்கு நேர் பின்னால் சரண், அவனும் ஹெட்போனோடு, டில்லிக்குச் சாட்டில் ஏதோ தட்டினான். டில்லி திரும்பாமலே பதில் தட்டினான். ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருக்கும் பிழை: கடை அலமாரியில் இருப்பதைவிட ஸ்டாக் கூடுதலாகக் காட்டுகிறது.

அப்போதுதான் வெளியே ரோடு தோண்டிய ஜேசிபி இன்டர்நெட் கேபிளை அறுத்தது. கம்பெனி லேப்டாப் போன் நெட்டை ஏற்காது. சாட் செத்துப்போனது.

"மச்சான், நெட்டு பூட்ச்சு," என்று சரண் ஹெட்போனைக் கழற்றினான்.

"தோ, முதுகுக்குப் பின்னாடிதான கீறேன். வாயத் தொறந்து கேளு," என்றான் டில்லி. "உன் புரோகிராமு இன்னா பண்ணுது?"

"கடை கவுண்டர்ல வித்தா, ஸ்டாக்கப் படிக்குது, ஒண்ணு கழிக்குது, எழுதுது."

"போன் ஆர்டர்ல என்னுதும் அதேதான் மாமே. அப்பால எங்க உதைக்குது?"

கிருஷ்ணப்பிரியா அறையிலிருந்து வெளியே வந்தாள். பேப்பர் கப் பத்தை மேசையில் அடுக்கினாள். ஒரு தாளில் 'பத்து' என்று எழுதினாள். "சரண், நீ கடை கவுண்டர். டில்லி, நீங்க போன் ஆர்டர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆளுக்கு ஒண்ணு வித்துட்டு, மிச்சத்த எழுதுங்க."

இருவரும் தாளைப் பார்த்தார்கள். இருவரும் ஒரு கப்பை எடுத்தார்கள். இருவரும் 'ஒன்பது' என்று எழுதினார்கள்.

மேசையில் எட்டுதான் இருந்தது.

"அடப்பாவி!" என்றான் டில்லி. தனித்தனியே பார்த்தால் இருவர் எழுதியதும் சரி. ஒருவன் படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே இன்னொருவன் புகுந்துவிடுகிறான். ஒருவர் படித்து எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தால் போதும். அந்தத் திருத்தத்தை எழுத டில்லி யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம்.

கிருஷ்ணப்பிரியா அங்கேயே நின்றுவிட்டாள். அவர்கள் வேலை இரண்டு வாரச் சுற்றாக ஓடுகிறது. முதல் வாரம் எதை எப்படிச் செய்வது என்று உடைத்துப் பேசுவது. இரண்டாவது வாரம் உட்கார்ந்து எழுதுவது. முதல் வாரம் எல்லோரும் இங்கே, இரண்டாவது வாரம் வீடு என்றால் கணக்கும் சரியாகப் பாதி. இவ்வளவு நாளும் கிழமையை அல்லவா பிரித்துக்கொண்டிருந்தாள்!

"டில்லி, இனிமே கிழமைக் கணக்கு இல்ல, சுற்றுல முதல் வாரம் ஆபீஸ், ரெண்டாவது வாரம் வீடு. புதுச் சுற்று திங்கக்கிழமை ஆரம்பம். வரலட்சுமிக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட்?"

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"காலை ஷிப்ட்டு," என்றாள் வரலட்சுமி. "ஏன்யா, மறுபடி லீவு போட்டுட்டியா?"

டில்லியின் முகம் தொங்கிவிட்டது. கிருஷ்ணப்பிரியாவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. வேலைச் சுற்று, ஷிப்ட் என்ற இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகின்றன. ஒரு பல் தள்ளிப் பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தினால் போதும்.

"அடுத்த வாரம் புதுசா எதுவும் வேணாம். வீட்ல இருந்தே பழைய சில்லறை பிழைங்கள முடிங்க. அதுக்கடுத்த வாரம், வரலட்சுமிக்கு ரெண்டாவது ஷிப்ட் வரும்போது, சுற்றை ஆரம்பிப்போம். அப்புறம் எப்பவும் சேர்ந்தே ஓடும்."

"அப்ப இனிமே எங்களுக்கு ஷிப்ட் போடுற சூப்பர்வைசருதான் உங்களுக்கும் மேனேஜருன்னு சொல்லு," என்றாள் வரலட்சுமி. சரண் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

டில்லி பேசி முடித்துவிட்டுப் போனிலேயே மெயிலைத் திறந்தான். "இரு, அந்தக் கம்பெனிக்கு வரலன்னு மெயில் போடணும்."

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வா, மச்சான்."

"எங்கடா போறது? அவங்களுக்கு ஆபீசே கெடையாது."