தேருக்கு முன்னால்

அப்பனைக் குளிப்பாட்டித் தேரில் உட்கார வைத்தாயிற்று. கொள்ளிச்சட்டி அண்ணன் முனியசாமி கையில். சரக்குப் பெட்டி கண்ணுசாமி பொறுப்பு. திருவரங்குளத்துப் பக்கம் எண்பது வயசுச் சாவென்றால் சும்மாவா! தேருக்கு முன்னால் இளவட்டங்கள் புழுதி பறக்க ஆட வேண்டும், ஆடுகிறவனுக்குக் கப்பில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மீசை முளைத்தவனா, முளைக்காதவனா என்று யாரும் பார்ப்பதில்லை. கண்ணுசாமிக்கு முதல் கப்பைக் கொடுத்ததே இந்த அப்பன்தான், தாத்தா செத்த அன்றைக்கு. அப்போது அவனுக்குப் பதினைந்து. அன்று தொட்டதை இன்றுவரை விட்டபாடில்லை.

அவன் மகன் சிவபிரகாஷுக்கு இப்போது பதினாறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே கூடி ஒயிலாட்டம் பழகுகிறார்கள். அதில் அவனும் ஒருத்தன். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி, பன்னிரண்டாவது படிக்கும் ஹரிணி. பத்துப் பேரோடு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, தாத்தாவுக்கு நாங்க ஆடுறோம். எங்களுக்கு ஒண்ணும் வேணாம். படிக்கிற பயலுக கையில மட்டும் கப்பக் குடுத்துறாதீங்க."

"குடிக்காம ஆடுறதா? கூச்சம் கால விடாதுத்தா. நாலு எட்டு வச்சுட்டு நின்டுட்டா எங்கப்பன் மானம்ல போகும்!"

"நிக்க மாட்டோம் மாமா."

சிவபிரகாஷும் அந்தக் கூட்டத்தோடு நின்றான். அவன் கண் பெட்டி மேலேயே இருந்தது. கண்ணுசாமிக்குப் பகீரென்றது. இவனும் நம்மை மாதிரி ஆகிவிடுவானோ? அதற்காக அப்பனை ஆட்டமில்லாமல் மொட்டையாக அனுப்ப முடியுமா?

கொட்டு அதிர்ந்தது, தேர் நகர்ந்தது. பிள்ளைகள் முதலில் தடுமாறத்தான் செய்தார்கள். ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கண்ணுசாமி, ஊத்துப்பா! அப்பத்தான் பயலுக்குக் கால் வரும்" என்றார் பங்காளி ஒருத்தர். கண்ணுசாமி கப்பை நிரப்பிக்கொண்டு மகனிடம் போனான். அவன் கையை நீட்டியிருந்தால் கொடுத்திருப்பான், சத்தியமாக.

சிவபிரகாஷ் கப்பைப் பார்க்கவே இல்லை. தேரைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னாக எட்டு வைத்து ஆடிக்கொண்டிருந்தான். தாத்தா முகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகின, துடைக்கக்கூட இல்லை.

தன் தாத்தாவின் தேர் எந்த வழியாகப் போனதென்று கண்ணுசாமி யோசித்தான். என்ன பூ கட்டியிருந்தார்கள்? முகம் எப்படி இருந்தது? ஒன்றுமே நினைவில் இல்லை. ஐயோ, அன்றைக்கு அவன் எதையுமே பார்க்கவில்லை!

கப் எப்போது கையை விட்டுப் போனதோ தெரியாது. அப்பன் முகத்தைப் பார்த்தபடி அவனும் பின்னுக்கு நடந்தான். கல்லில் கால் இடறியது. பின்னாலிருந்து ஒரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டது. மகன் கை. கண்ணுசாமி திரும்பவில்லை. சுடுகாட்டுக்கு இன்னும் இரண்டு வளைவுதான். அதுவரைக்கும்தான் அந்த முகம்.