எண்ணெய்க் காவல்

குத்தாலிங்கம் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலியைத் தெருமுனையில் போட்டபோது, மேலகரத்தின் அந்தத் தெரு மொத்தமும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தது. சாரல் தொடங்கி அருவியில் விழும் முதல் தண்ணீர். அன்றைக்கு வீட்டில் கிடப்பவனை மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். திருடர்களுக்கும் அதுதான் சீசன். அதற்காகத்தான் காவல் குழு வைத்து, ஆளுக்கொரு நாள் முறை போட்டிருந்தார்கள். போன வருடம் தன் முறையில், தலையை மட்டும் நனைத்துவிட்டு வரலாமென்று இவர் நழுவினார். திரும்புவதற்குள் ஆனந்தவள்ளி வீட்டு கிரைண்டர் கல்லோடு காணாமல் போனது. முப்பது வருடம் சுரண்டை பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஓர் ஈயைக்கூட ஏற்றாத கண்டக்டர் என்ற பெயரும் அதோடு போனது. இன்றும் ஏதாவது தொலைந்தால் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது குழுவின் தீர்ப்பு.

பத்து மணிக்குக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஆனந்தவள்ளி புலம்பினாள். எல்லோரும் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து முடித்த பிறகுதான் தெரிந்ததாம், வெள்ளம் என்று எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை. வழிய வழியத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் கௌரிசங்கர் வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. இரண்டு பேர் கதவைத் திறந்து வாஷிங் மெஷினைத் தூக்கி வந்தார்கள். குத்தாலிங்கம் எழுந்து போய் விசாரித்தார். ரிப்பேருக்காம்.

"சங்கர் அண்ணாச்சிதான் சாவி தந்தாவ. ஐந்தருவியில குளிச்சிக்கிட்டு இருக்காவ, இப்பத்தான் பாத்துட்டு வாரோம்."

"தடை போட்ட அருவியில எப்படிலே குளிக்காவ?"

கேட்டுவிட்டு ஊதினார் பாருங்கள், பொதிகை மலை ஓரடி பின்வாங்கியது. மெஷினையும் ஆட்டோவையும் அப்படியே போட்டுவிட்டு இருவரும் தெருமுனைக்கு ஓட, எதிரே ஆறு ஆட்டோக்களிலிருந்து தெரு இறங்கியது. உலகத்தில் திருடன்தான் எண்ணெய் பூசிக்கொண்டு வருவான்; இங்கே பிடிக்க வந்தவர்கள் பூசியிருந்தார்கள். கௌரிசங்கர் பிடித்த கை வழுக்கியது, ஆனந்தவள்ளி பிடித்த கால் வழுக்கியது. கடைசியில் ரோடெல்லாம் சிந்திய எண்ணெயில் திருடர்களே சறுக்கி விழுந்தார்கள்.

போலீஸ் ஜீப் அவர்களை ஏற்றிக்கொண்டு போனதும் சாரல் பெருமழையானது. கௌரிசங்கர் வீட்டு மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் சுவரை விட்டுத் தள்ளிக் கொட்டியது. தெரு வரிசையில் நின்றது. எண்ணெய் தேய்க்காத ஒரே ஆளை ஆனந்தவள்ளி முன்னால் தள்ளினாள்.

"மொதத் தண்ணி ஒமக்குத்தான் அண்ணாச்சி. கிரைண்டர மறந்தாச்சு."

குத்தாலிங்கம் சட்டையோடு போய் நின்றார். தலையில் தண்ணீர் இறங்க, ஒரு கண் மட்டும் தெருமுனையைப் பார்த்திருக்க, வாயிலிருந்த விசில் குளுகுளுவென்று குமிழி விட்டது.