நாற்பத்தொரு டஜன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு லிமயே சார் பயிற்சி வகுப்பின் மதிப்பெண் தாளைச் சுவரில் ஒட்டினார். நான் ஐம்பதுக்கு நாற்பது. கேதகி முப்பத்தொன்பது.

நாற்பதும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு முதல் அறை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு முந்தைய கடைசி மாதம் லிமயே சாரே நேரில் வந்து நடத்துவார். மற்றவர்களுக்கு இரண்டாம் அறை. அங்கே திரையில் அவருடைய பழைய வீடியோ ஓடும். போன வருடம் நாங்கள் இருவரும் வீடியோ பார்த்தோம். இருவருக்கும் எந்தக் கல்லூரியும் கிடைக்கவில்லை.

கேதகி என் மனைவி. தாளில் தன் பெயருக்கு நேராக விரலை வைத்தாள்.

"ஒண்ணு," என்றாள். "ஒரே ஒரு மார்க்கு."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சிரிக்காத."

"சிரிக்கல."

"உள்ளுக்குள்ள சிரிக்கற. காது ஆடுது பாரு."

அவள் சரியான விடைகளின் பட்டியல் ஒட்டியிருந்த பக்கம் போனாள். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"பதினேழு," என்றாள். "நான் வழக்குப் போடப்போறேன்."

பதினேழாவது, தரவு போதுமா என்று கேட்கும் வகை. ஒரு கேள்வி இருக்கும், கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் கேட்பதில்லை. விடை காண முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டில் எது ஒன்றானாலும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று குறிக்க வேண்டும். கணக்கைக் கடைசிவரை போடுகிறவர்களுக்கு நேரம் போதாது. கேதகி கடைசிவரை போடுவாள். தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், அடுப்படி மேடையில் தாள்களைப் பரப்பி நாங்கள் இதற்காகத்தான் சண்டை போடுவோம்.

"எத்தனைன்னு கேக்கல கேதகி. போதுமான்னுதான் கேக்கறான்."

"எத்தனைன்னு தெரியாம போதும்னு எப்படிச் சொல்றது? உன்ன மாதிரி மோந்து பாத்தா?"

பதினேழாம் கேள்வி இதுதான். தேவ்கட்டிலிருந்து ஒரு டெம்போவில் மாம்பழப் பெட்டிகள் வருகின்றன. பெரிய பெட்டியில் ஏழு டஜன், சிறிய பெட்டியில் ஐந்து டஜன். பெரிய பெட்டிகள் எத்தனை? முதல் கூற்று: பெரியவற்றைவிடச் சிறியவை ஒன்று அதிகம். இரண்டாம் கூற்று: மொத்தம் நாற்பத்தொரு டஜன்.

நான் மோந்து பார்த்தேன். தெரியாதவை இரண்டு, ஒவ்வொரு கூற்றிலும் சமன்பாடு ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் போதும். பத்து நொடிகூட ஆகவில்லை. லிமயே சாரின் விடையும் அதுவே. கேதகி இரண்டாவது மட்டும் போதும் என்று குறித்திருந்தாள்.

வழக்கு என்பது எங்கள் வகுப்பின் வழக்கம். விடை தப்பென்று தோன்றினால் அன்றைக்கே எழுந்து வாதாடலாம். ஆளுக்கு ஒரு வழக்கு. தோற்றவர் வகுப்பு முழுவதற்கும் மிசள், அதாவது பாவ் ரொட்டியோடு காரமான பயறுக் குழம்பு, வாங்கித் தர வேண்டும். அந்தப் பருவத்தில் லிமயே சார் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. மிசள் கடைக்காரர் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார்.

கேதகி பலகைக்குப் போனாள். நாற்பத்தொன்றிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதினாள். முப்பத்துநான்கு, இருபத்தேழு, இருபது, பதின்மூன்று, ஆறு.

"இதுல அஞ்சால வகுபடறது இருபது மட்டுந்தான் சார். அப்ப பெரிசு மூணு, சின்னது நாலு. வேற வழியே இல்ல. முதல் கூற்று எதுக்கு?"

பின் வரிசையில் ஷார்துல் மேஜையைத் தட்டினான்.

"சார், எனக்கு ரெண்டு பாவ் அதிகமா!"

"உக்காருங்க ஷார்துல். இன்னும் அடுப்பே பத்த வைக்கல." லிமயே சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், பெட்டி முழுசாத்தான் இருக்கணும்னு கேள்வியில எங்க சொல்லியிருக்கு?"

"பெட்டின்னா பெட்டிதானே சார்?"

"நேத்து நான் மார்க்கெட்ல பாதிப் பெட்டி வாங்கினேன். வீட்ல இருக்கு. வந்து பாக்கறீங்களா?"

அவர் பேனாவை வாங்கிப் பலகையில் எழுதினார். பெரியது அரைப் பெட்டி என்றால் மூன்றரை டஜன். மீதி முப்பத்தேழரை. அது ஏழரைச் சிறிய பெட்டி.

"ஏழரை வந்துடுச்சு சார்," என்றது ஒரு குரல்.

"சனி யாருக்குன்னு இப்பத் தெரியும். அஞ்சரை பெரிசு, அரை சின்னதுன்னாலும் நாற்பத்தொண்ணுதான். ஆக மூணு வழி இருக்கு. எது சரின்னு முதல் கூற்றுதான் சொல்லுது. மேடம், மிசள் காரமா, மிதமா?"

கேதகி பலகையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"சாட்சி கூப்பிடலாமா சார்?"

"யாரு?"

"மந்தார். தேவ்கட்காரன். அவங்க வீட்டுத் தோப்புப் பழந்தான் பூனாவுக்கு டெம்போல வருது."

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. ஷார்துல் எழுந்துபோய் மதிப்பெண் தாளைப் படித்தான்.

"சார், சாட்சி பதினேழையும் சேத்துத்தான் சரியா நாற்பது வாங்கியிருக்காரு. அம்மா ஜெயிச்சா ஐயா முப்பத்தொன்பது!"

வகுப்பு ஆரவாரம் செய்தது. "வீட்டுக்குள்ளயே இடமாற்றம்!" என்று யாரோ கத்தினார்கள். லிமயே சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையை உயர்த்தி அடக்கினார்.

"சாட்சி யோசிச்சுச் சொல்லட்டும்."

"சொல்லு மந்தார்," என்றாள் கேதகி. "உங்க ஊர்லேருந்து டெம்போல பாதிப் பெட்டி ஏத்துவாங்களா?"

நான் எழுந்தேன். சில சமயம் ஏற்றுவார்கள் என்று சொன்னால் போதும். அந்த அறையில் தேவ்கட்டைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவள் பார்த்ததும் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை, மழைக்காலத்தில். அப்போது தோப்பில் பழமும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆக, அவளுக்கு விடை தெரியாது. தெரியாமல்தான் கேட்கிறாள்.

கடைசிவரை போட்டுப் பார்க்காமல் கேதகி கேட்ட முதல் கேள்வி அது.

"ஏத்த மாட்டாங்க சார்," என்றேன். "பாதியா இருந்தா பழம் உருளும். பூனாவுக்கு மலை ஏறறதுக்குள்ள கூழாயிடும். வைக்கோல் வச்சு, முழுசா நிரப்பி, ஆணி அடிச்சுத்தான் வண்டியில ஏத்துவோம். பாதியாப் பிரிக்கறதெல்லாம் இங்க மார்க்கெட்லதான். பேரம் பேசறவங்களுக்காக."

"அதாவது எனக்காக," என்றார் லிமயே சார்.

"உங்கள மாதிரி இருக்கறவங்களுக்காக சார்."

அவர் கேள்வித்தாளை எடுத்து உரக்கப் படித்தார். "டெம்போவில் மாம்பழப் பெட்டிகள் வருகின்றன." நிறுத்தினார். "வருகின்றன," என்று மறுபடி சொன்னார். பிறகு தான் எழுதியதை உள்ளங்கையாலேயே அழித்தார்.

சிவப்புப் பேனாவோடு சுவருக்குப் போனார். கேதகியின் முப்பத்தொன்பதை அடித்து நாற்பது என்று எழுதினார். என் நாற்பதை அடித்து முப்பத்தொன்பது என்று எழுதினார். வேறு யாருக்கும் அறை மாறவில்லை. கேதகி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சுற்று ஆடினாள். அவள் ஆடி நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்தில்கூட அவள் ஆடவில்லை.

மிசள் கடையில் எங்களுக்காக ஆறு மேஜைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டார்கள். கடைக்காரர் வழக்கம்போல எழுந்து நின்றார். "இன்னைக்கு யாரு தோத்தது?" என்றார். ஷார்துல் லிமயே சாரைக் காட்டினான். கடைக்காரர் நம்பவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

"எனக்கு மட்டும் காரம் கம்மி," என்று லிமயே சார் உள்ளே பார்த்துச் சொன்னார். "ஏற்கெனவே எரியுது."

கேதகி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் எலுமிச்சைத் துண்டை என் தட்டில் பிழிந்தாள்.

"கோவமா?"

"இல்ல."

"வருத்தமா?"

"கொஞ்சம்."

"அவர் நடத்தறத தினமும் காலைல உனக்கு நான் நடத்தறேன். ஃபீஸ் வேணாம். பாத்திரம் கழுவிடு."

"இப்பவும் நான்தானே கழுவறேன்."

"அப்ப ஓசிதான். அனுபவி."

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"பொய் சொல்லியிருக்கலாமே?"

"நீ காதப் பாத்துருப்ப."

அவளுக்குப் புரையேறியது. நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். மிசள் நல்ல காரம். இன்னொரு பாவ் கேட்டேன். அது வரும்வரை கேள்வித்தாளைப் பிரித்து, எனக்குத் தப்பென்று போட்ட பத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்று பதினொன்றாவதாகச் சேர்ந்த பதினேழைத் தாண்டினேன். இருபத்தாறில் லிமயே சாரின் விடை, இரண்டும் சேர்ந்தால் போதும்; நான் சேர்ந்தாலும் போதாது என்று குறித்திருந்தேன். நேரமில்லாமல், குழம்பிப்போய்க் குறித்தது. கேள்வியை மெதுவாகப் படித்தேன். மறுபடி ஒருமுறை படித்தேன்.

தாளைக் கேதகியின் பக்கம் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் படித்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்திரி," என்றாள். "எந்திரி, எந்திரி."

நான் எழுந்தேன். நாற்காலி சத்தம் கேட்டு முப்பது தலைகள் நிமிர்ந்தன. லிமயே சாரின் பாவ் பாதி வழியில் நின்றது.

"சார், இருபத்தாறுல, குழாயத் திறக்கறதுக்கு முன்னாடி தொட்டி காலியா இருந்துதுன்னு எங்க சொல்லியிருக்கீங்க?"